நடிப்புத் தேர்வும் நாடகத் தேர்வும்

இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒருங்கே வைத்து முத்தமிழ் என்று பெருமை பேசுகின்றோம். ஆயினும் மூன்றாம் தமிழை எவ்வளவு புறக்கணித்துவிட்டோம் என்பது நடிப்புத் தேர்வு வரும்பொழுதுதான் வெளிப்படுகின்றது. ஈழத்தில் நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பொதுத்தேர்வுக்குரிய பாடமாகவே உள்ளது. தமிழகத்திலும் புதுவையிலும் பல்கலைக்கழகங்கள் நாடகம் கற்பிக்கின்றன. அச்சேறிய நூலினின்று ஒரு பகுதியைத் தேர்ந்து நடித்துக் காட்டுக என்றால் மாணவர் கை எதனை நாடுகின்றது? பெரும்பாலும் திரைப்பட உரையாடலையே!

‘பராசக்தி’ (1952), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) ஆகியவற்றின் தமிழ்நடையை நாம் குறைகூறவில்லை. தமிழ் மக்கள் செவிக்கு மிடுக்கூட்டிய நடை அது. ஆனால் அவ்வுரைகளுக்கு உரிய குரல் முன்னரே அமைந்துவிட்டது. மாணவன் வாய்திறந்ததும் கேட்பது சிவாசி கணேசனாரின் குரலே. தேர்வாளர் முன் நிற்பவன் மறைந்துபோகின்றான். போலச்செய்தல் வேறு, நடித்தல் வேறு.

அவ்வாறாயின் எதனைத் தேர்வது? மூன்று உரைகல் போதும். முதலாவது, எடுத்த பகுதி ஐந்தாறு மணித்துளிக்குள் தொடங்கி, திரும்பி, முடிதல் வேண்டும்; முன்கதை தெரியாதார்க்கும் விளங்குதல் வேண்டும். இரண்டாவது, மெய்ப்பாடு மாறுதல் வேண்டும். மெய்ப்பாடு எட்டென வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றார் தொல்காப்பியர். தொடக்கம் முதல் இறுதிவரை வெகுளி ஒன்றையே முழங்கும் பகுதியில் மாணவன் தன் திறத்தை எங்ஙனம் காட்டுவான்? பெருமிதம் இளிவரலாகச் சரியும் இடமே நடிப்புக்குரிய இடம். மூன்றாவது, மாணவனின் அகவைக்கும் மூச்சுக்கும் ஏற்ற தொடராக இருத்தல் வேண்டும்.

இவ்வுரைகல்லில் நிற்பன நம்மிடம் உள்ளன. சுந்தரனாரின் ‘மனோன்மணீயம்’ (1891) படிப்பதற்கென எழுந்த நாடகமே. எனினும் குடிலனின் தனிமொழிகள் நல்ல நடிகனுக்குப் பொற்சுரங்கம். வெளியே பணிவும் உள்ளே சூழ்ச்சியுமாக ஒருவனே இருவனாகும் இடங்கள் அவை. அகவலை அடிதோறும் நிறுத்தி ஒப்பிக்காமல், பொருள் முடியும் இடத்தில் மூச்சுவிடப் பயிற்றினால் போதும். ஆதிமந்தி, ஆட்டனத்தி வரலாற்றைக் கூறும் பாவேந்தரின் ‘சேரதாண்டவம்’ மாணவியர்க்கு ஏற்றது.

இங்கு ஓர் இடர். பம்மல் சம்பந்தனார் போன்றோரின் நாடகங்கள் மேடைக்கு இயைந்தவை. நடையோ வடசொல் மலிந்தது. அச்சொற்களை நீக்கித் தமிழ்ச்சொல் பெய்து நடிப்பிக்கலாமே என்பர் நம் அன்பர் சிலர். நான் உடன்படேன். அச்சேறிய பகுதியை வேண்டுவதன் நோக்கமே தேர்வாளர் கையிலுள்ள நூலும் மாணவன் வாய்மொழியும் ஒத்திருத்தல்தான். அதனினும் பெரிது ஒன்றுண்டு. நம் பழநூல்களில் பிறர் இடைச்செருகல் செய்தனர் என்று சினக்கும் நாம், பிறர் நூலில் கைவைப்பது எங்ஙனம் முறையாகும்? நடை ஒவ்வாதெனின் வேறு நூலை எடுப்போம். எடுத்தபின் ஓரெழுத்தும் மாற்றோம்.

வேறு நூல் வேண்டிய அளவு இல்லையே எனின், அக்குறை நம்முடையது. தூய தமிழில் கட்டுரையும் பாட்டும் குவித்த நாம், இருவர் நின்று பேசும் ஒருகாட்சி நாடகங்களை எத்தனை அச்சிட்டோம்? தமிழாசிரியர்களே! ஆளுக்கொன்று எழுதுங்கள். வகுப்பில் நடிப்பித்துத் திருத்துங்கள். பின்னர் அச்சேற்றுங்கள். திரைப்பட உரையை எடுக்காதே என்று மாணவனைத் தடுக்கும் முன், இதனை எடு என்று நீட்ட நம் கையில் ஒரு நூல் இருத்தல் வேண்டும்.