கிழட்டு நாய்க்கு ஆபரேஷனா?

"வயசான நாய்க்கு எதுக்குங்க ஆபரேஷன்?" என்பவர்கள் நோயை விட்டுவிட்டு வயதைப் பார்க்கிறார்கள். கர்ப்பப்பையில் சீழ் கட்டிய கிழட்டுப் பெண் நாய், அறுவை செய்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அங்கே தயங்குவதுதான் தவறு. மண்ணீரல் கட்டி வேறு கதை. சாதாரணக் கட்டியென்றால் மண்ணீரலை எடுத்ததும் குணம். ஹெமாஞ்சியோசார்கோமா என்ற ரத்தநாளப் புற்றென்றால், எடுத்தாலும் பெரும்பாலும் 1 முதல் 3 மாதம்தான். கீமோ சேர்த்தால் 4 முதல் 6. சிக்கல் என்னவென்றால், ஸ்கேன் இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்லாது. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியது தெரிந்தால் கத்தியே வேண்டாம் என்பேன். (கடன் வாங்கியாவது செய்யச் சொல்வது அக்கம்பக்கம்தான், நாயல்ல.) பரவவில்லை, கையில் பணமும் இருக்கிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள், அந்தக் கட்டி எப்போது வேண்டுமானாலும் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும்.