புளியிட்டுத் தேய்க்கலாமா?

நம் சங்க அன்பர் ஒருவர், ஊரில் நிலம் உழுகையில் கிடைத்ததென்று கறுத்த செப்புக் காசொன்றைக் கொணர்ந்து, "புளியிட்டு விளக்கட்டுமா?" என வினவினார். வேண்டாமென்று கையைப் பற்றிக்கொண்டோம்.

காரணம் உண்டு. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் வடமேற்கை ஆண்ட கிரேக்க மன்னர், தம் காசின் ஒரு புறத்தில் கிரேக்க எழுத்திலும் மறுபுறத்தில் கரோஷ்டி எழுத்திலும் தம் பெயரைப் பொறித்தனர். பிற்காலத்தே கரோஷ்டியைப் படிப்பார் எவருமிலராயினர். 1833 முதல், காபூலுக்கு வடக்கே பெக்ராமில் சார்லஸ் மாசன் என்பார் பல்லாயிரம் காசுகளைத் திரட்டினார். மெனாந்தர் என்று கிரேக்கத்தில் காணுமிடமெல்லாம் மறுபுறத்தில் அதே குறிகள் வருதலைக் கண்டார். அதனைப் பற்றிக்கொண்டு, கல்கத்தா நாணயசாலையில் மாற்றுப் பார்க்கும் அலுவலராயிருந்த ஜேம்ஸ் பிரின்செப் எழுத்தெழுத்தாகப் படிக்கலானார். (அவரும் நம்மைப் போல் மாதச் சம்பளக்காரரே!) அகதோக்ளிஸ் மன்னன் காசிலோ மறுபுறத்தில் பிராமி. 1836-இல் லாசன் என்னும் அறிஞர் அதைக்கொண்டு சில எழுத்துக்களை அறிந்தார். மறு ஆண்டில் பிரின்செப் பிராமியைப் படித்து முடிக்கவே, அசோகன் கல்வெட்டுகள் வாய் திறந்தன. இத்தனைக்கும் துணைநின்றவை, காசின் விளிம்பில் தேயாது எஞ்சிய சிற்றெழுத்துக்களே.

நாமும் முன்பொருமுறை, சந்தையில் வாங்கிய காசொன்றைப் புளியிட்டுத் தேய்த்தோம். செம்பு பளபளத்தது; விளிம்பிலிருந்த நாலைந்து எழுத்துக்கள் போயின. அஃது எம்மன்னன் காசென்று இன்றளவும் எவராலும் கூற இயலவில்லை.

நிலத்தில் கிடைத்ததாகையால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை எடுத்துக்கூறி, மாவட்டக் கலெக்டருக்கு எழுதுமாறு அன்பரிடம் சொன்னோம். காசு கறுத்தபடியே அவர் பைக்குள் சென்றது.