வரைபடத்தில் கிரைண்டருக்கும் ஓர் இடம்

மும்பையின் விக்ரோலிக்கும் இந்தியச் சமையலறைக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. 1943ஆம் ஆண்டில் கோத்ரெஜ் குடும்பத்தார் இங்கு வாங்கிய நிலத்தில் எழுந்த தொழிற்சாலைகள் இவ்வூரின் முகத்தை மாற்றின. நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு எஃகு வாக்குப்பெட்டிகளைச் செய்தளித்த அந்நிறுவனம், 1958இல் குளிர்பதனப் பெட்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்நாளில் குளிர்பதனப் பெட்டி வாங்கியவர்கள் அதைக் கூடத்தின் ஒரு மூலையில், வருவோர் கண்ணில் படும்படி நிறுத்தினார்கள். வீட்டின் வரைபடத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

இன்று அதே விக்ரோலியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உயர்கின்றன. உயர்விலைச் சமையலறைச் சாதனங்களும் தனித்து நிற்பதை விட்டுவிட்டன. அடுப்பு மேடைக்குள் பதிகிறது; ஓவன் அலமாரிக்குள் அடங்குகிறது; குளிர்பதனப் பெட்டியின் கதவும் அலமாரிக் கதவைப் போலவே தோற்றமளிக்கிறது. எனவே எதை வாங்குவது என்னும் முடிவு பெரும்பாலும் கட்டடக் கலைஞரின் மேசையிலேயே பிறக்கிறது. உற்பத்தியாளர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆகவே சாதனங்களின் அளவு, நிறம், கைப்பிடி ஆகிய யாவும் அவர்களை மனத்திற்கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. காட்சியகங்களும் அவ்வாறே: வரைபடம் விரிக்க நீண்ட மேசை, பலகை மாதிரிகள், கல் மாதிரிகள், அளவான விளக்கொளி.

இப்போக்கை நாம் குறை கூறவில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்திற்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்ப் போக்கியும் மின்இணைப்பும் ஓரிடத்தில் அமைய வேண்டும். குளிர்பதனப் பெட்டியைச் சுற்றி வெப்பம் வெளியேற இடைவெளி வேண்டும். ஓவனுக்குத் தனி மின்கம்பி தேவைப்படலாம். சுவரில் ஓடு பதித்த பிறகு இவை நினைவுக்கு வந்தால் சுவரை உடைக்க நேரிடும். சாதனத்தின் சரியான அளவுகளை முன்கூட்டியே கட்டடக் கலைஞரிடம் தரும் நிறுவனம் வாடிக்கையாளரின் பணத்தைக் காக்கிறது.

ஆயினும் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரில் நாள்தோறும் சமைப்பவர் இருக்கிறாரா என்று கேட்க விரும்புகிறோம். இக்கேள்விக்கு நூறாண்டு வயதாகிறது. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த 'ஃபிராங்க்ஃபுர்ட் சமையலறை' இன்றைய சமையலறைகளின் முன்னோடி. நடையைக் குறைக்கவும் நேரத்தை மிச்சப்படுத்தவும் அளந்து அளந்து உருவாக்கப்பட்ட அது, ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அமைந்தது. ஆனால் அதை வடிவமைத்தபோது தமக்குச் சமையல் அனுபவமே இல்லை என்று அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். அச்சமையலறை ஒருவர் மட்டும் நின்று வேலை செய்யும் அளவினது. இருவர் சேர்ந்து சமைக்க அதில் இடமில்லை என்ற குறை எழுந்தது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தோசை வார்க்க, மற்றொருவர் சட்னிக்குத் தாளிப்பார். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டர் கனமானது. அதை அலமாரிக்குள் வைத்து, வேண்டும்போதெல்லாம் தூக்கி எடுக்க இயலாது. தாழ்ந்த மேடையும் அருகில் தண்ணீரும் அதற்கு வேண்டும். பெரிய தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினால் பக்கத்து அடுப்பில் குக்கர் வைக்க இடம் இருக்குமா? எண்ணெய்ப் புகையை மேலுள்ள சிம்னி இழுத்துக்கொள்ளுமா? காட்சியகத்தின் பளபளக்கும் மேடையில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. அங்கே எதுவும் கொதிப்பதில்லை.

வங்கி வாடிக்கையாளர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். சமையலறைக்கான ஐந்து லட்சம் ரூபாயை வீட்டுக் கடனோடு சேர்த்து, 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெறுவதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,340 ரூபாய். முடிவில் செலுத்தும் தொகை பத்து லட்சத்தைத் தாண்டும். தவணை முடியுமுன் சாதனங்கள் பழுதாகி மாற்றப்படவும் கூடும். புதிய சாதனம் பழைய பொந்துக்குள் பொருந்தாவிட்டால் அலமாரியையும் கல்மேடையையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். எனவே அழகுக்கு இணையாகப் பொது அளவும், உதிரிப் பாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்னும் உறுதியும் முதன்மையானவை.

ஆதலால் மூன்று தரப்பினருக்கும் நம் வேண்டுகோள் உண்டு. உற்பத்தியாளர்கள் காட்சியகத்தில் எரியும் அடுப்பொன்றையும் தண்ணீர் வரும் தொட்டியொன்றையும் அமைத்து, வாடிக்கையாளர் தம் குக்கரையும் தோசைக்கல்லையும் கொண்டுவந்து சோதிக்க வழிசெய்ய வேண்டும். கட்டடக் கலைஞர்கள் முதல் கோட்டை வரையுமுன் சமைப்பவரின் முழங்கை உயரத்தை அளந்து, அதற்குச் சற்றுத் தாழ்வாக மேடையை அமைக்க வேண்டும். சமைப்பவர் அம்மாவோ, மருமகனோ, ஊதியத்திற்கு வரும் பணியாளரோ, யாராயினும் அவரிடமே கேட்க வேண்டும். வாடிக்கையாளர்களோ கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன், வீட்டில் இப்போது பயன்படும் பாத்திரங்களையும் சாதனங்களையும் அளவுகளோடு ஒரு தாளில் எழுதிக் கட்டடக் கலைஞரிடம் கொடுக்க வேண்டும்.

ஒரு தாளுக்குச் செலவேதுமில்லை. அது இல்லாமல் கட்டிய சமையலறைக்கோ இருபது ஆண்டுகள் தவணை செலுத்த வேண்டும்.