கடற்பசுவைப் பார்க்கப் போகிறீர்களா?

மகன் அமெரிக்காவில் இருக்கிறான், மகள் அமெரிக்காவில் இருக்கிறாள் என்று விமானம் ஏறுகிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். போனவர்களைப் பிள்ளைகள் எங்கெல்லாமோ அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் புளோரிடா மாகாணத்திலுள்ள ஆர்லண்டோ நகரம். அங்கே டிஸ்னி உலகம். இரண்டு நாள் வரிசையில் நின்று, கால் வலிக்க நடந்து, பொம்மைகளோடு படம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அந்த ஊரிலிருந்து சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. குளிர் காலத்தில் அங்கே கடற்பசுக்கள் நூற்றுக்கணக்கில் வந்து படுத்துக் கிடக்கின்றன. கூண்டு இல்லை, தொட்டி இல்லை, வித்தை காட்டுகிறவன் இல்லை. தாமாக வருகின்றன, தாமாகப் போகின்றன. இதைப் பாராமல் திரும்புகிறவர்கள் பலர். பார்க்கிறேன் பேர்வழி என்று போய், அந்த வாயில்லா ஜீவனுக்குத் தொல்லை கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல் போய் வருவது எப்படி என்று இந்த வாரம் எழுத நினைத்தோம்.

முதலில் அது என்ன பிராணி என்று சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் அதற்கு 'மானட்டி' என்று பெயர். பத்தடி நீளம், அரை டன் எடை, சாம்பல் நிறம். மீனைத் தொடாது, மாமிசம் தின்னாது. நீர்ப் புல்லும் பாசியும்தான் ஆகாரம். நாளெல்லாம் மேய்கிறது, தூங்குகிறது, மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. பார்வைக்குக் கடல் நாய்க்கு உறவுபோல் தோன்றினாலும் உண்மையில் அது யானைக்குப் பங்காளி. முன்துடுப்பின் நுனியைப் பாருங்கள். யானைக் காலில் இருப்பதுபோல் நகங்கள் இருக்கும்.

கொலம்பஸ் 1493-ம் வருஷம் ஜனவரியில் இஸ்பானியோலா தீவின் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, கடலிலிருந்து மூன்று கடற்கன்னிகள் எழும்பியதாகவும், படத்தில் எழுதுகிற அளவுக்கு அவர்கள் அழகாக இல்லை என்றும் குறித்து வைத்தான். அவன் பார்த்தது மானட்டியைத்தான் என்பது அறிஞர்களின் முடிவு. பல மாதம் கடலிலேயே கிடந்தவன் கண்ணுக்கு எதுதான் கன்னியாகத் தோன்றாது!

இவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் மானட்டிக்குக் குளிர் ஆகாது. திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் தோலுக்கு அடியில் கனத்த கொழுப்பு இதற்குக் கிடையாது. தண்ணீர் 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போய் அப்படியே இருந்தால் உடம்பு தளர்ந்து, தீனி எடுக்காமல், செத்துப் போகிறது. 2010-ம் வருஷத் தொடக்கத்தில் புளோரிடாவில் நீண்ட குளிர் அடித்தபோது இருநூறுக்கு மேற்பட்ட மானட்டிகள் குளிராலேயே மாண்டன.

அதனால் நவம்பர் பாதியில் ஆறும் கடலும் குளிரத் தொடங்கியதும் அவை ஊற்றுகளைத் தேடி வருகின்றன. பூமிக்கு அடியிலிருந்து பொங்கிவரும் ஊற்று நீர் வருஷம் முழுவதும் சுமார் 22 டிகிரியிலேயே நிற்கிறது. நம் ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் பல் கிட்டிவிடும். மானட்டிக்கு அதுதான் வெந்நீர்!

பிரயாணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் இந்த ஒரு சங்கதியை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே குளிர் எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு மானட்டிகள் ஊற்றில் நெருக்கி அடித்துக்கொண்டு கிடக்கும். நாம் பார்ப்பதற்கு அதுவே மிக நல்ல நாள். அது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தஞ்சம் புகுந்திருக்கும் நாளும் அதுவே. அன்றைக்குப் போய் நாலு பேர் தண்ணீரில் குதித்துச் சுற்றி வளைத்தால், அது சண்டைக்கு வராது, கடிக்காது, மெல்ல நழுவிக் குளிர்ந்த ஆற்றுக்குப் போய்விடும். நாம் கண்ட வேடிக்கைக்கு அது கொடுக்கும் விலை அது. நாம் கரைக்கு வந்து, துடைத்துக்கொண்டு, சூடாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்போம்.

ஆகையால் எங்கே போவது என்பதுதான் முதல் கேள்வி.

எங்களைக் கேட்டால் 'புளூ ஸ்பிரிங்' என்போம். ஆரஞ்சு சிட்டி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் வந்து விழும் ஊற்றுக்கால் அது. 1970-ல் அங்கே ஆராய்ச்சி தொடங்கியபோது வந்துபோன மானட்டிகள் 14. இரண்டு வருஷம் கழித்து மாகாண சர்க்கார் அந்த இடத்தை விலைக்கு வாங்கிப் பூங்காவாக்கியது. குளிர் காலம் வந்தால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச்சு கடைசி வரைக்கும் அந்த ஊற்றுக்காலில் மனிதர் இறங்கக்கூடாது, படகும் விடக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். 2024 ஜனவரியில் ஒரே நாளில் எண்ணியபோது அங்கே 932 மானட்டிகள் இருந்தன. கதவைச் சாத்தியது ஒன்றுதான் காரணம் என்று நாம் அடித்துச் சொல்லமாட்டோம். சட்டம், படகுகளுக்கு வேகக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனாலும் 14 எங்கே, 932 எங்கே!

அங்கே பார்ப்பதற்கு என்ன வழி? கரையோரமாக மரப் பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். வயதானவர்களும் நடக்கலாம். கண்ணாடி போன்ற தண்ணீர். கீழே சாம்பல் பாறைகள்போல் வரிசையாகக் கிடப்பவை பாறைகள் அல்ல என்பது, அவற்றில் ஒன்று மூச்சு விட மேலே வரும்போதுதான் தெரியும். அந்த மூச்சுச் சத்தம் கரைக்குக் கேட்கும். பக்கத்தில் குட்டி ஒட்டிக்கொண்டு வரும்.

இன்னொரு இடம் மேற்குக் கரையிலுள்ள கிரிஸ்டல் ரிவர். அதுதான் அதிகப் பிரசித்தி. மானட்டிகளுக்கென்றே மத்திய சர்க்கார் 1983-ல் அங்கே ஒரு சரணாலயம் வைத்தது. அந்த வட்டாரத்தில்தான் மானட்டி இருக்கும் தண்ணீரில் மனிதன் இறங்கி நீந்திப் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. படகில் ஏற்றிப் போய், ரப்பர் உடை மாட்டி, தண்ணீரில் இறக்கிவிடும் கம்பெனிகள் ஏராளம்.

நீரில் இறங்கலாமா? கூடாது என்பதே எங்கள் அபிப்பிராயம். சட்டம் அனுமதிக்கிறதே என்று கேட்கலாம். சட்டம் அனுமதிப்பதையெல்லாம் செய்தே தீரவேண்டும் என்பதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. "பக்கத்தில் போய்ப் பார்த்தவன்தான் அதன் மேல் அன்பு வைப்பான், எங்கள் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது, மானட்டி போனால் முதலில் அழுகிறவர்கள் நாங்கள்" என்கிறார்கள். இது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல. நல்ல வழிகாட்டி ஒருவர் கூட இருந்தால், இறங்கியவன் ஒழுங்காக நடந்துகொள்வான் என்பதும் மெய். ஆனால் ஒருவர் ஒழுங்காக நடந்தால் போதாது. பத்துப் படகு, நூறு பேர் என்று கூடும்போது ஒவ்வொருவரும் ஒழுங்காக இருந்தாலும், தூங்க வந்த பிராணிக்குத் தூக்கம் ஏது? அந்த ஊரிலேயே 'மூன்று சகோதரிகள்' என்ற ஊற்றைச் சுற்றிக் கரையில் நடைபாதை இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் தண்ணீருக்குள் இருப்பவனைவிட நன்றாகவே தெரியும்.

பேரப்பிள்ளைகள் பிடிவாதம் பிடித்து இறங்கியே தீருவதென்றால், படகை வாடகைக்குப் பேசும்போதே கவனியுங்கள். எத்தனை பேரை ஏற்றுகிறார்கள்? வழிகாட்டி தண்ணீரில் கூட வருகிறாரா, படகிலேயே உட்கார்ந்து விடுகிறாரா? "தொட்டுப் பார்க்கலாம், கட்டிப் பிடிக்கலாம்" என்று விளம்பரம் செய்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் கையைக் காலை அடிக்காமல் மிதந்து கிடக்க வேண்டும். மானட்டியை நோக்கி நீங்கள் நீந்தக்கூடாது. அதற்கு இஷ்டமானால் அது வரும். தூங்குவதை எழுப்புவது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகுவது, கூட்டமாகச் சூழ்ந்துகொள்வது எல்லாம் சட்டப்படி குற்றம். கயிறும் மிதவையும் கட்டி அடைத்திருக்கும் பகுதி மானட்டிக்கு மட்டும். அதற்குள் விரல் நீட்டவும் உரிமை இல்லை.

தண்டனை வெறும் மிரட்டல் அல்ல. 1893-லேயே புளோரிடாவில் மானட்டியைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. இன்றைய மாகாணச் சட்டப்படி 500 டாலர் அபராதமோ, 60 நாள் சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மத்திய சட்டத்தில் சிக்கினால் அபராதம் 50,000 டாலர் வரை, சிறை ஓராண்டு வரை போகும். 2012-ல் ஒரு மாது மானட்டியின் முதுகில் ஏறிச் சவாரி செய்தது படத்தோடு பத்திரிகைகளில் வந்து போலீஸ் விவகாரமாயிற்று. எருமை என்று நினைத்துவிட்டார் போலும்.

தீனி கொடுப்பதும் குற்றமே. இதைக் கேட்டு நம்மவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துப் பழகிய கை நம்முடையது. ஆனால் படகுத் துறையில் நின்று கீரை போட்டு, ரப்பர் குழாயில் நல்ல தண்ணீர் காட்டிப் பழக்கினால், மானட்டி மனிதனைத் தேடிப் படகுத் துறைக்கு வரும். படகு இருக்கும் இடத்தில் விசிறி இருக்கும். புளோரிடாவில் வளர்ந்த மானட்டி எதைப் பார்த்தாலும் முதுகில் படகு விசிறி கீறிய தழும்பு இருக்கும். தழும்பு இல்லாதது அபூர்வம். எந்தத் தழும்பு எந்த மானட்டிக்கு என்று குறித்து வைத்துக்கொண்டுதான் ஆராய்ச்சிக்காரர்கள் ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்து அறிகிறார்கள். மாட்டுக்கு நாம் சூடு போடுவது அடையாளத்துக்கு. இங்கே விபத்தே அடையாளமாகிவிட்டது.

சர்க்காரே தீனி போட்டதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கக்கூடும். போட்டது உண்மை. கிழக்குக் கரையிலுள்ள இந்தியன் ரிவர் கழியில், சாக்கடையும் உரமும் கலந்த அழுக்கு நீரால் பாசி மண்டி, வெயில் இறங்காமல், கடற்புல் அழிந்தது. 2021-ல் மட்டும் புளோரிடாவில் 1,100 மானட்டிகள் இறந்தன. அவற்றில் பட்டினியால் செத்தவை ஏராளம். அதன் பிறகு இரண்டு குளிர் காலங்களில் அதிகாரிகள் லெட்டூஸ் கீரையை டன் கணக்கில் தண்ணீரில் கொட்டினார்கள். அது பஞ்ச காலத்துக் கஞ்சித் தொட்டி. அதைக் காட்டி ஆளுக்கு ஆள் கீரைக் கட்டோடு புறப்பட்டுவிடக் கூடாது.

இந்தக் குலத்தில் ஒன்று ஏற்கெனவே அழிந்துபோன கதையும் உண்டு. வட பசிபிக் கடலில் மானட்டியைவிடப் பன்மடங்கு பெரிய கடற்பசு ஒன்று இருந்தது. ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானி 1741-ல் அதைக் கண்டு எழுதினார். மாமிசத்துக்காக வேட்டையாடி 1768-க்குள் அதைப் பூண்டோடு தீர்த்துவிட்டார்கள். 27 வருஷம்!

நம் வீட்டு வாசலிலும் இதே குலத்துப் பிராணி இருக்கிறது. பாக் ஜலசந்தி மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிறார்களே, அதுதான். மானட்டியின் வால் பனை விசிறிபோல் வட்டம்; ஆவுளியாவின் வால் திமிங்கில வால்போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதற்காக 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோ மீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. புளூ ஸ்பிரிங்கைப்போல் கரையில் நின்று பார்க்கும் பிராணி அல்ல அது. மிகக் குறைவாகவும் இருக்கிறது. படகு பேசிக்கொண்டு அதைத் தேடிப் புறப்படுவதைவிட அதன் புல்லை அதற்கு விட்டு வைப்பது நல்லது.

இனி, ஆர்லண்டோவிலிருந்து புறப்படுகிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். நாலைந்து நாள் தொடர்ந்து குளிர் அடித்த பிறகு போனால் கூட்டம் கூட்டமாகக் காணலாம். வெயில் ஏறியதும் மானட்டிகள் மேய்ச்சலுக்கு ஆற்றுப் பக்கம் போய்விடும். அதனால் பூங்கா திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர வேண்டும். சனி, ஞாயிறு வேண்டாம். உள்ளே கார் நிறைந்துவிட்டால் வாசலை மூடிவிடுகிறார்கள். அத்தனை தூரம் போய் வேலிக்கு வெளியே நிற்பது பெரிய வயிற்றெரிச்சல். கம்பளிச் சட்டை அவசியம். நீரின் பளபளப்பை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி இருந்தால் அடிவரை தெரியும். பறக்கும் காமிராவுக்கு அனுமதி கிடையாது.

டாம்பா பக்கம் தங்குகிறவர்கள் அப்பல்லோ பீச்சில் உள்ள மின்சார நிலையத்துக்குப் போகலாம். ஆலையிலிருந்து வெளிவரும் வெதுவெதுப்பான நீரில் மானட்டிகள் வந்து கூடுகின்றன. மின்சாரக் கம்பெனியே மேடை கட்டிக் காட்டுகிறது, கட்டணம் இல்லை. புகைபோக்கிக்கு அடியில் காட்டுப் பிராணி என்பது விசித்திரமான காட்சிதான். பழைய ஆலைகளை ஒருநாள் மூடினால் அந்த வெந்நீரை நம்பி வரும் மானட்டிகள் எங்கே போகும் என்று அங்கே இப்போதே யோசிக்கிறார்கள்.

கோடையில் போகிறவர்கள் மானட்டியை எதிர்பார்க்க வேண்டாம். அப்போது அவை ஆறு, கழி, கடற்கரை என்று வெகுதூரம் சிதறிவிடும். மோட்டார் படகில் துரத்திக்கொண்டு அலைவதில் பிரயோஜனமும் இல்லை, நியாயமும் இல்லை. ஆனால் புளூ ஸ்பிரிங் ஊற்று அந்த மாதங்களில் மனிதருக்குத் திறந்திருக்கிறது. தாராளமாக இறங்கிக் குளிக்கலாம். மாற்றுத் துணியும் துண்டும் எடுத்துப் போக மறக்காதீர்கள்.