போன் போதும்னு சொல்லாதீங்க



பொங்கலுக்கு வந்திருந்த என் அக்கா மகன், கூடத்துல மேசை மேல இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு சிரிச்சான். அவனுக்கு சென்னையில ஓ.எம்.ஆர். பக்கம் வேலை. "ஏன் மாமா, இந்தக் காலத்துல யாரு டெஸ்க்டாப் வாங்குறா? எல்லாம்தான் போன்லயே முடியுதே. கேட்டிருந்தா என் பழைய லேப்டாப்பையே குடுத்திருப்பேனே"ன்னான்.

பண்டிகைக்கு வந்த பிள்ளைகிட்ட என்ன பேசுறதுன்னு விட்டுட்டேன். ஆனா இதை அவன் ஒருத்தன் மட்டும் சொல்லல. பட்டணத்துல இருக்கிற பல பேர் ஊர்ல இருக்கிற அப்பா அம்மாகிட்ட இதையேதான் சொல்றீங்க. அதனால இங்க பதில் எழுதுறேன்.

முதல்ல எனக்கு ஏன் கம்ப்யூட்டர் தேவைப்பட்டுச்சுன்னு சொல்லிடறேன். 2024 சம்பா. பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் மாசம் கடைசி தேதி. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாத்தையும் எடுத்துகிட்டு ஒரு நெட் சென்டருக்குப் போனேன். கடைசி நேரம், திருவிழாக் கூட்டம் மாதிரி நிக்குது. பதியுற பையன் சாப்பிடக்கூட எழுந்திருக்காம அடிச்சுகிட்டு இருக்கான். என் வயலோட சர்வே நம்பர்ல உட்பிரிவு 2ஏ. அவன் அடிச்சது 2பி. ரசீதை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டான். நானும் போன்ல திறந்து பார்த்தேன். எழுத்து கடுகு மாதிரி இருக்கு. பெருசு பண்ணினா இந்தப் பக்கம் தெரியுது, அந்தப் பக்கம் மறையுது. சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

அந்த நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்துச்சு. கடலூர் மாவட்டம் முழுக்க மழை. என் வயல்ல தண்ணி வடியவே இல்ல. பக்கத்து வரப்புக்காரருக்கு காப்பீட்டுப் பணம் வந்துச்சு. எனக்கு வரல. அலைஞ்சு கேட்டதுல, நம்பர் பொருந்தலன்னு சொன்னாங்க. ஒரே ஒரு எழுத்து. அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. என் வீட்டுக் காகிதத்தை நானே ஒரு பெரிய திரையில, நிதானமா, ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து பார்த்திருந்தா அந்தத் தப்பு அன்னைக்கே கண்ணுல பட்டிருக்கும்.

போன் வேண்டாம்னு நான் சொல்லல. உழவன் செயலி என் போன்லயும் இருக்கு. ஓ.டி.பி.யும் அதுலதான் வருது. ஆனா பட்டா, அடங்கல், நெல் கொள்முதலுக்குப் பதிவு, பிள்ளைங்க ஸ்காலர்ஷிப், கேஸ், கரண்டு பில் எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுபோய் வச்சுட்டு, விவசாயி மட்டும் ஆறு அங்குலக் கண்ணாடியில பார்த்துக்கணும்னா எப்படிங்க? உங்க ஆபீஸ்ல ஒரு எக்செல் ஷீட்டை போன்ல போடச் சொன்னா போடுவீங்களா? உங்களுக்கு ரெண்டு மானிட்டர். எங்களுக்கு போன் போதும். இது என்ன நியாயம்?

இன்னொண்ணு. போன்ங்கிறது ஒருத்தரோட சாமான். நான் வயலுக்குப் போனா அதுவும் என் சட்டைப் பையில வந்துடும். வீட்ல இருக்கிற பொம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் வீட்டோட சாமான், அம்மி குழவி மாதிரி அது இடத்துலயே இருக்கும், யாரு வேணும்னாலும் உக்காரலாம். என் சம்சாரம் பால் கணக்கை இப்ப அதுலதான் போடுறாங்க. என் நகைக்கடன் தேதியைக்கூட அவங்கதான் ஞாபகப்படுத்துறாங்க.

அடுத்தது அந்தப் பழைய லேப்டாப். பட்டணத்துக்காரங்க மனசு நல்ல மனசுதான், மறுக்கல. ஆனா நீங்க தூக்கிப் போடுறது எல்லாம் கடைசியில எங்க பரண்லதான் வந்து சேருது. 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சுது. அதுல விண்டோஸும் இருந்துச்சு, சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அதை வச்சுப் படிச்சு வேலைக்குப் போன பிள்ளைங்க எங்க தெருவுலயே உண்டு. நல்ல திட்டம். ஆனா பேட்டரி போனதும் பல லேப்டாப் பரண் ஏறிடுச்சு. ஒரு கீ போனா கீபோர்டு மொத்தத்தையும் மாத்தணும், அதுக்கு உள்ள எல்லாத்தையும் பிரிக்கணும். டெஸ்க்டாப்ல கீபோர்டு போனா சில நூறு ரூபாய்க்கு வேற வாங்கி நானே சொருகிக்குவேன்.

அதோட இன்னொரு சிக்கல். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமா குடுத்துகிட்டு இருந்த பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14ஓட முடிச்சுட்டாங்க. விண்டோஸ் 11 போடணும்னா டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்கு மேல இருக்கணும்னு கணக்கு வச்சிருக்காங்க. அதுக்கு முந்தின மெஷின் நல்லா ஓடினாலும் தள்ளுபடிதான். நீங்க "நல்லாத்தான் இருக்கு மாமா"ன்னு குடுக்குற லேப்டாப் பல சமயம் இந்த ரகம். அதுலயே பேங்க் வேலையும் பார்க்கச் சொல்றீங்க. அப்படித்தான் குடுக்கணும்னா புது பேட்டரி போட்டு, லினக்ஸ் மின்ட் மாதிரி இலவசமா கிடைக்கிறதை ஏத்தி, ஒரு நாள் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. அது உதவி.

சரி, புதுசு வாங்கலாம்னு கடைக்குப் போனா அங்க வேற கதை. நான் போன ஒரு கடையில கலர் கலரா லைட் எரியுற பெட்டியைக் காட்டி எண்பத்தஞ்சாயிரம்னாங்க. "எதிர்காலத்துக்கு இருக்கட்டும் சார்"னு பேச்சு. ஒரு காணி நிலத்துக்குத் தண்ணி பாய்ச்ச பதினஞ்சு எச்.பி. மோட்டார் எவனாவது போடுவானா? போர்ல எவ்வளவு தண்ணி இருக்கு, எவ்வளவு தூரம் ஓடணும்னு பார்த்துத்தானே மோட்டார் வாங்குறோம்? அதே புத்தியை இங்கேயும் வைக்கணும்.

2025 ஆடி கழிஞ்சு, விருத்தாசலத்துல அசெம்பிள் பண்ணி வாங்கினேன். யூ.பி.எஸ். சேர்த்து நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. என்ன பார்த்து வாங்கினேன்னு சொல்றேன், உங்க வீட்டுக்கும் உதவும்.

பிராசஸர் இன்டெல் ஐ3, 12ஆம் தலைமுறை. வீட்டு வேலைக்கு இது தாராளம். ஒரு எச்சரிக்கை: நம்பருக்குப் பின்னாடி 'எஃப்'னு ஒரு எழுத்து இருந்தா அதுல படம் காட்டுற கிராபிக்ஸ் உள்ளேயே இருக்காது. தனி கார்டு வாங்கணும். விலை குறைவா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க.

டிஸ்க் கண்டிப்பா எஸ்.எஸ்.டி. சுத்துற பழைய ஹார்டு டிஸ்க் போட்டா எந்தப் பிராசஸரும் நொண்டும். நான் 512 ஜி.பி. போட்டிருக்கேன்.

ரேம் 8 ஜி.பி., ஒரே துண்டா. பக்கத்துல ஒரு ஸ்லாட் காலியா விட்டிருக்கேன், தேவைன்னா பின்னாடி சேர்த்துக்கலாம். இப்ப வாங்குறவங்க இதைக் கவனிக்கணும். ஏ.ஐ. கம்பெனிகளோட டேட்டா சென்டருக்கே மெமரியெல்லாம் போகுதுன்னு ரேம் விலை ஏறிக் கிடக்கு. 2025 டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, சாதாரண ஜனங்களுக்கு வித்துகிட்டு இருந்த க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போறதா அறிவிச்சுட்டாங்க. வெங்காயம் விலை ஏறினப்ப மூட்டையா வாங்கி வைக்கிறது புத்திசாலித்தனம் இல்ல. வேணுங்கிற அளவு மட்டும் வாங்குங்க.

மானிட்டர் 22 அங்குலம். ஐம்பதைத் தாண்டின கண்ணுக்கு இதுல சிக்கனம் பார்க்கக் கூடாது.

அதைவிட முக்கியம் கரண்டு. எங்க பக்கம் மோட்டார் எல்லாம் ஒண்ணா ஓடினா வோல்டேஜ் இறங்கும். பேச்சுவாக்குல கரண்டு போகும். யூ.பி.எஸ். இல்லாம டெஸ்க்டாப் வாங்குறது கரை கட்டாம நாத்து நடுற மாதிரி. அடிச்சுகிட்டிருக்கிறதைச் சேமிச்சு நிறுத்த பத்து நிமிஷம் கிடைச்சா போதும். எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கங்க. பெட்டியைத் தரையில வைக்காதீங்க, எறும்பும் பல்லியும் குடி வந்துடும்.

"கரண்டு பில் ஏறுமே"ன்னு கேப்பாங்க. என் மெஷின், மானிட்டர் ரெண்டும் சேர்த்து அறுபது வாட்னு வச்சுக்கங்க. தினம் நாலு மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு பதினஞ்சு யூனிட்டுக்குள்ள. அஞ்சு எச்.பி. மோட்டார் அதை நாலு மணி நேரத்துல இழுத்துடும்.

ஆன்லைன்ல வாங்கினா ரெண்டாயிரம் குறையும்னு மாப்ளே சொன்னான். குறையட்டும். பெரிய கம்பெனி டெஸ்க்டாப் பலதுல பவர் சப்ளைகூட அவங்க அளவுக்குன்னே செஞ்சிருப்பாங்க. அது போனா அதே கம்பெனி சாமானுக்குக் காத்துக்கிடக்கணும். என் பெட்டியில எது போனாலும் பஸ்ல ஒரு மணி நேரத்துக்குள்ள விருத்தாசலம் போய் மாத்திட்டு, சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்துடுவேன். எங்களுக்கு அந்த வசதிதான் பெருசு.

2011 டிசம்பர் 30 தானே புயல் இந்தப் பக்கத்துக்காரங்க யாருக்கும் மறக்காது. அன்னைக்கு எங்க கூரை ஓடு பறந்து, டிரங்குப் பெட்டிக்குள்ள தண்ணி இறங்கி, எங்கப்பா காலத்துப் பத்திரம் ஊறிப் போச்சு. அதைக் காயவச்சு ஒட்டி இன்னைக்கும் வச்சிருக்கேன். இப்ப எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, மக வீட்ல ஒண்ணுன்னு வச்சாச்சு.

இந்தப் பதிவை அடிக்கிறதும் அதுலதான். தமிழ்99 விசைப்பலகை, 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துகிட்டது. விண்டோஸ்லயும் இருக்கு, லினக்ஸ்லயும் இருக்கு. பத்தாங்கிளாஸ் முடிச்ச நானே ஒரு மாசத்துல பழகிட்டேன். இவ்வளவு நீளத்துக்கு போன்ல எழுதியிருந்தா கட்டை விரல் கழண்டிருக்கும்.

2025 சம்பாவுக்குக் காப்பீட்டு ரசீதை வீட்டுத் திரையில விரிச்சு வச்சு, நானும் சம்சாரமும் ஒவ்வொரு எழுத்தா வாசிச்சோம். 2ஏன்னு சரியா இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் அன்னைக்குத் தூக்கமே வந்துச்சு.

உங்க அப்பா அம்மாவுக்கு வாங்கித் தர்றதா இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள். நீங்களே முடிவு பண்ணி ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பாதீங்க. கடைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. என்னென்ன வேலைக்கு வேணும்னு அவங்க வாயால சொல்லட்டும். எங்க வீட்டு மாட்டை நாங்கதான் பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்குறோம், இதையும் பார்த்து வாங்கத் தெரியும்.

மேற்கால இடி இடிக்குது. பிளக்கைப் புடுங்கணும். அடுத்த பதிவுல முந்திரி பூவெடுத்திருக்கிறதைப் பத்தி எழுதுறேன்.