தாத்தா கார் ஜெயிக்குமா?

குட்டீஸ்! ட்ரம்ப் கார்டு விளையாடியிருக்கிறீர்களா? கார் படம் போட்ட சீட்டை வைத்துக்கொண்டு, 'குதிரைத் திறன் எவ்வளவு? அதிகபட்ச வேகம் எவ்வளவு?' என்று கேட்போம். பெரிய எண் வைத்திருப்பவர் எதிராளியின் சீட்டை அள்ளிக்கொள்வார். ஆனால், அந்தச் சீட்டுகளில் ஒரு முக்கியமான கேள்வி இருக்காது. 'இந்தக் கார் வளைவில் எப்படித் திரும்பும்?' என்பதுதான் அது.

கார் பிரியர்களிடையே ரொம்ப நாளாக ஒரு சண்டை உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்க 'மஸில்' கார், இன்றைய ஐரோப்பிய வேகக் காரை வளைவுகளில் ஜெயிக்குமா? 'சான்ஸே இல்லை' என்பார் ஒருவர். 'எங்கள் தாத்தா காலத்துக் காரை மிஞ்ச முடியுமா?' என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், மஸில் கார் என்றால் என்ன? 1964ல் அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் 'ஜி.டி.ஓ.' என்ற காரைக் கொண்டுவந்தது. நடுத்தர அளவுள்ள காருக்குள் 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். நம் ஊரில் ஓடிய மாருதி 800 காரின் இன்ஜினைப் போல எட்டு மடங்கு பெரியது! நேர்ச்சாலையில் அழுத்தினால் புலிப் பாய்ச்சல்தான். இளைஞர்கள் மயங்கிப் போனார்கள். மற்ற நிறுவனங்களும் போட்டியில் குதித்தன.

ஆனால் வளைவு வந்தால்? அங்கேதான் வம்பு. கனமான இரும்பு இன்ஜின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும். 1969ல் வந்த ஷெவர்லே 'கமாரோ' காரை எடுத்துக்கொள்ளுங்கள். லாரிச் சக்கரத்தின் மேலே தகடு தகடாக அடுக்கியிருக்குமே, அதே மாதிரி ஸ்பிரிங்தான் அதன் பின்பக்கத்திலும் இருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பொருத்தப்பட்டிருந்ததால், ஒன்று மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். சாதாரண மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து பிடித்தால் சூடாகி, பிடிப்பு குறையும். அந்தக் காலத்து டயரும் ஒல்லி.

டயர்தான் ரொம்ப முக்கியம். எவ்வளவு பெரிய காராக இருந்தாலும், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறக்குறைய உங்கள் அப்பாவின் உள்ளங்கை அளவு இடத்தில்தான். நான்கு உள்ளங்கைகள் சேர்ந்து காரை வளைவில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே வளைவில் இரு மடங்கு வேகத்தில் போனால், நான்கு மடங்கு பிடிப்பு தேவை. இன்ஜின் எத்தனை குதிரைத் திறன் காட்டினாலும், டயர் கைவிட்டால் கார் சாலையை விட்டு வெளியே போய்விடும்.

அப்படியானால் மஸில் கார் வளைவில் மட்டம்தானா? அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் 1966ல் 'டிரான்ஸ் ஆம்' என்ற பந்தயம் தொடங்கியது. இடமும் வலமுமாக வளைந்து செல்லும் தடங்களில் நடக்கும் போட்டி. இன்ஜின் 5 லிட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அதற்காகவே ஷெவர்லே, கமாரோவில் 'இசட் 28' என்ற மாடலை உருவாக்கியது. 1968ல் மார்க் டோனஹ்யூ என்ற வீரர் கமாரோ ஓட்டி, 13 பந்தயங்களில் 10ஐ ஜெயித்தார். அவர் இன்ஜினியரிங் படித்தவர். ஸ்பிரிங், டயர், பிரேக் என்று ஒவ்வொன்றையும் சோதித்துச் சோதித்துத் திருத்துவதில் கெட்டிக்காரர். அதே மஸில் கார்தான்; அக்கறையாகத் திருத்தியதும் வளைவிலும் பாய்ந்தது.

இன்றும் அமெரிக்காவில் பலர் இதையே செய்கிறார்கள். பழைய காரின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, புது ஸ்பிரிங், பெரிய டிஸ்க் பிரேக், அகலமான நவீன டயர் மாட்டுகிறார்கள். இதற்கு 'ப்ரோ டூரிங்' என்று பெயர். மைதானத்தில் கூம்புகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட்டிப் போட்டி போடுகிறார்கள்.

இதில் பழைய காருக்கு ஒரு ரகசிய பலமும் உண்டு. அதுதான் எடை! 1969 கமாரோ ஏறக்குறைய 1,500 கிலோ. 2024ல் வந்த ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 'எம் 5' காரோ 2,400 கிலோவுக்கும் மேல். பேட்டரி, மின் மோட்டார், பாதுகாப்புக் கருவிகள், சொகுசு வசதிகள் என்று சேர்ந்து கனத்துவிட்டது. ஒரு மாருதி 800 காரையே முதுகில் சுமப்பது போலத்தான்! சந்தேகம் இருந்தால், புத்தகப் பையோடு ஒரு முறை, பை இல்லாமல் ஒரு முறை விளையாட்டு மைதானத்துத் தூணைச் சுற்றி ஓடிப் பாருங்கள். எடை என்ன செய்யும் என்று புரியும்.

ஆகவே, திருத்திய பழைய கார் சில வளைவுகளில் புதுக் காரை ஜெயிக்க முடியும். ஆச்சரியமில்லை. ஆனால், 'அந்தக் காலத்துக் கார்தான் உசத்தி' என்று அதன் சொந்தக்காரர் மார்தட்டினால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1969ல் மாட்டிய அதே டயர், அதே பிரேக்கோடு வந்தால் அது தோற்கும். பழைய காரில் பந்தய டயர், புதுக் காரில் சாதாரண டயர் என்றால், அது போட்டியே இல்லை. விபத்து நேர்ந்தால் உயிரைக் காக்கும் ஏர்பேக்கும் பழைய காரில் கிடையாது. வீட்டாரோடு ஊருக்குப் போவதென்றால் நான் புதுக் காரில்தான் ஏறுவேன்.

அதற்காக, 'பழசு, ஓரம் கட்டு' என்று சொல்வதும் தப்பு. நல்ல உடம்பும் குறைந்த எடையும் உள்ள காரின் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்தினால், அது இன்றைய காரோடு மோதும். அந்தப் பாராட்டு காரின் வயதுக்கு அல்ல; குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்த கைகளுக்கு.

இனி யாராவது 'இது அதை ஜெயித்துவிட்டது' என்று சொன்னால், கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'எதையெல்லாம் மாற்றினீர்கள்?' பதில் நேர்மையாக வந்தால், பலமாகவே கைதட்டுங்கள்.