புழுக்கம் இல்லாத ஊர் எது?

"தம்பி, நீ பேப்பர்காரன்தானே? வேர்க்காத ஊர் எதுன்னு சொல்லு. வீட்டை வித்துட்டுப் போயிடறேன்."

கேட்டவர் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். வயது 57. தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அடுத்த வருடம் ரிட்டயர்டு. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கைக்குட்டையைப் பிழிந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

வீட்டுக்காரம்மாவுக்குக் கோயம்புத்தூர் மேல் ஆசை. மகன் பெங்களூருக்கு வரச் சொல்கிறான். புரோக்கர் ஒருவர் ஓசூரில் மனை காட்டுகிறார். "அங்கே ஏ.சி.யே வேண்டாம் சார்" என்கிறார்.

இவர் ஒருவர் மட்டும் அல்ல. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சுத்தான். அதனால் இது பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

சதவீதம் ஏமாற்றும்

காற்றில் ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று தினமும் சொல்கிறார்கள். அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்து போவீர்கள்.

மலை ஊரில் காலை நேரம். வெப்பம் 22 டிகிரி. ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கும் வேர்க்காது.

நம்ம ஊரில் மாலை நேரம். வெப்பம் 34 டிகிரி. ஈரப்பதம் 65 சதவீதம்தான். ஆனால் சட்டை நனைந்துவிடும்.

ஏன்? சூடான காற்று அதிகமாகத் தண்ணீரைத் தாங்கும். மலை ஊரின் 85 சதவீதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது ஏறக்குறைய 16 கிராம் நீராவிதான். நம்ம ஊரின் 65 சதவீதத்தில் 24 கிராம் இருக்கிறது! சதவீதம் குறைவு; தண்ணீர் ஒன்றரை மடங்கு!

வேர்வை வருவது கெடுதல் அல்ல. வந்த வேர்வை காயாததுதான் கெடுதல். காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மண்பானைக் கதையும் இதுதான். பானையில் கசியும் ஈரம் காய்ந்தால்தான் உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் பானையும் தோற்றுப்போகும், நாமும் தோற்றுப்போவோம்.

தெர்மாமீட்டரின் நுனியில் ஈரத்துணி சுற்றி அளப்பது உண்டு. அதில் 35 டிகிரி காட்டினால், நல்ல உடம்புக்காரர் நிழலில் சும்மா இருந்தாலும் பல மணி நேரம் தாங்க முடியாது என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேலை செய்கிற உடம்பு அந்த அளவுக்கு வெகு முன்பே தளர்ந்துவிடும்.

எந்த ஊருக்கு என்ன விலை?

புழுக்கம் குறைந்த ஊர் மூன்று ரகம்.

ஒன்று, உயரமான ஊர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். பெங்களூரும் ஓசூரும் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். சுகம்தான். ஆனால் 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, ஜனங்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததை மறந்துவிடக்கூடாது. வேர்வை இல்லை, குளிக்கத் தண்ணீரும் இல்லை என்றால் என்ன செய்வது?

இரண்டு, காற்று ஓடும் ஊர். கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசற்படி மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைகிறது. ஆனால் அந்தக் காற்று ஜூன் வாக்கில்தான் வரும். மார்ச், ஏப்ரலில் கோவையும் சுடத்தான் செய்யும்.

மூன்று, காய்ந்த ஊர். வேலூர் பக்கம் பாருங்கள். கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. திடீரென்று மயக்கம் வரும். புழுக்கம் இல்லை என்று சந்தோஷப்பட முடியாது.

ஆகவே மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அந்த ஊரில் 4 நாள் தங்குங்கள். பகலை விட்டுவிடுங்கள், ராத்திரியைப் பாருங்கள். துவைத்த துணி எத்தனை மணி நேரத்தில் காய்கிறது? சமையல் அறையில் உப்பு நீர்த்துப்போகிறதா? பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதா? இதைவிட நல்ல கருவி புரோக்கரிடம் கிடையாது.

துரைக்கு ஊட்டி, நமக்கு?

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் சென்னைப் புழுக்கம் தாங்காமல், கோடை வந்தால் சர்க்காரையே ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கவர்னர் போனார். ஃபைல்கள் போயின. துரையின் பங்காவை இழுத்த ஆளும், மூட்டை தூக்கிய ஆளும் சென்னையில் கிடந்து வெந்தார்கள்.

இன்றைக்கும் கதை பெரிதாக மாறவில்லை. ரிட்டயர்டு பணம் கையில் உள்ளவர் ஊர் மாறுவார். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அங்கே தகரக் கூரைக்குக் கீழே லேத் ஓட்டுகிற பையன் எங்கே போவான்? பாடி சந்திப்பில் நிற்கிற போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்கே போவார்?

தொழிற்சாலைக்குள் நல்ல காற்று ஓட வேண்டும், கூரையும் சுவரும் வெப்பத்தை அடக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு சொல்லிவிட்டது. முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. தகரக் கூரை இன்னும் தகரக் கூரையாகத்தான் இருக்கிறது.

கடை ஊழியர் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். நாற்காலிக்கு மேலே ஒரு மின்விசிறி வேண்டாமா?

2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அதுவும் நல்ல காரியம்தான். செத்த பிறகு 4 லட்சம் சரி. சாகாமல் இருக்க பஸ் நிறுத்தத்தில் ஒரு கூரை?

திருடனும் கொசுவும்

நம்ம பக்கத்துக்குப் புழுக்கத்தோடு இன்னொரு தொல்லையும் உண்டு. கடற்கரைக்குப் பகலிலேயே கடல் காற்று வந்துவிடும். அம்பத்தூர், ஆவடிக்கு அது தாமதமாகத்தான் வரும். வருகிற கொஞ்சக் காற்றையும் நாம் வீட்டுக்குள் விடுவது இல்லை.

கோடையில் போலீஸ் நிலையத்துக்குப் போனால் ஒரே மாதிரிப் புகார்தான் காதில் விழுகிறது. "காத்துக்காகக் கதவைத் திறந்து வெச்சுப் படுத்தோம் சார். பீரோவை உடைச்சுட்டாங்க." "மொட்டை மாடியில தூங்கினோம் சார். கீழே வந்து பார்த்தா நகை இல்லை." "ஜன்னல் ஓரம் படுத்திருந்தேன் சார். கையை விட்டுச் செயினை அறுத்துட்டான்."

2022-ல் ஆவடிக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் வந்தது. இரவு ரோந்து சரியாக நடந்தால் அதுவும் புழுக்கத்துக்கு மருந்துதான். ஜனங்கள் பயம் இல்லாமல் ஜன்னலைத் திறப்பார்கள்.

திருடன் போனால் கொசு. கொசு போனால் நாற்றம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்ற விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஏரி என்பது தண்ணீர் மட்டும் அல்ல. வீடுகளுக்கு நடுவே காற்று ஓடுகிற மைதானம். அதில் சாக்கடையை விட்டால் ஏரியைப் பார்த்த ஜன்னல் எல்லாம் மூடிக்கொள்ளும்.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பெயர்ப் பலகை பெரிதானது. காற்று?

பின்பக்க ஜன்னல்

கணக்கு எழுதுபவர் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். சின்ன வீடு. முன்பக்கம் ஒரு ஜன்னல். பின்பக்கம் ஒரு ஜன்னல். பின்பக்கத்து ஜன்னல் சாத்தி, இடுக்கில் பழைய பேப்பர் அடைத்திருந்தது.

"எத்தனை நாளா சார் இது மூடிக் கிடக்கு?"

"ஏழு வருஷம் இருக்கும் தம்பி. பின்னாடி சாக்கடை. திறந்தா உட்கார முடியாது."

இப்போது புரிகிறதா? ஒரு ஜன்னல் வழியாக வருகிற காற்று இன்னொரு ஜன்னல் வழியாகப் போனால்தான் வேர்வை காயும். போக வழி இல்லை என்றால் காற்று உள்ளே வராது. மின்விசிறியும் அறைக்குள் இருக்கிற ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

அவர் ஓசூர் போகட்டும். நான் தடுக்கவில்லை. 35 வருடம் உழைத்தவர் நிம்மதியாகத் தூங்க ஆசைப்படுவது குற்றமா? ஆனால் அந்த வீட்டை விலைக்கு வாங்கி வருகிறவரும் பேப்பர் அடைத்து அதே ஜன்னலை மூடத்தான் போகிறார். ஊரை விட்டு ஒருவர் போவதால் புழுக்கம் போய்விடாது. ஆள்தான் மாறும்.

மாநகராட்சி அதிகாரிகளே! உங்களிடம் நாங்கள் ஊட்டியைக் கேட்கவில்லை. சாக்கடையை மூடுங்கள். ஜன்னலை நாங்கள் திறந்துகொள்கிறோம்.